நூறு புள்ளி இருந்தும் அலிஸ்டர் விட்டுப் போனது நியாயமா?

கோத்தகிரிக்காரி:
உறைபனியில் தேயிலை கருகிவிட்டது. தொழிற்சாலைக்கு இலை வரத்து இல்லாததால் கணக்கெழுதும் எனக்கும் மாலையில் வேலை இல்லை. 2009-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமை இப்போதுதான் ஆடுகிறேன். இனி வருவதெல்லாம் கதையின் ரகசியம், ஆடாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கேமில் என்னோடு வரும் அலிஸ்டரைக் காதலித்தேன். அவனும் நானும் கிரே வார்டன்கள், அரக்கப் படையை எதிர்க்கும் வீரர்கள். அவன் அம்மாவின் தாயத்தைத் தேடிக் கொடுத்தேன், எங்கள் வார்டன் தலைவர் டங்கனின் கேடயத்தையும் கொடுத்தேன். அவன் எனக்கு ரோஜா தந்தான். அவனுக்கு என்னை எவ்வளவு பிடிக்கும் என்று கேம் காட்டும் மதிப்புப் புள்ளி நூறு. அதற்கு மேல் ஏற இடமில்லை. டங்கனைப் போரில் சாகவிட்ட தளபதி லோகெய்ன் பிரபுக்கள் சபையில் தோற்று நின்றான். அவனைக் கொல்லாமல் கிரே வார்டனாக்கலாம் என்று இன்னொரு வார்டனான ரியோர்டன் சொன்னார். எனக்குச் சரியென்று பட்டது. அரக்கப் படையை நடத்தும் டிராகனான ஆர்ச்டீமனைக் கொல்ல வார்டனால்தான் முடியும். நாட்டிலோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வார்டன்கள். அலிஸ்டர் கத்திவிட்டுப் போய்விட்டான். என் முடிவு சரிதான், மாற்ற மாட்டேன். ஆனால் அந்த நூறு எதற்கு?

குன்னூர்ப் பையன்:
அக்கா, சபைக்கு முன் கேமைச் சேமித்த (save) இடத்துக்குப் போய் லோகெய்னின் தலையை வாங்குங்கள். அலிஸ்டர் உங்களோடு இருப்பான். இதற்கு ஒரு கேள்வியா?

கோத்தகிரிக்காரி:
தம்பி, மாற்ற மாட்டேன் என்று எழுதியதைப் படித்தாயா?

தொட்டபெட்டா:
சகோதரி, அந்த நூறு உங்கள்மேல் அவனுக்கு இருக்கும் அன்பு. டங்கனுக்கு அவன் பட்ட கடன் அந்தக் கணக்கில் சேராது. அவனுக்கு அப்பா என்று சொல்ல ஒருவர் இருந்தார் என்றால் அது டங்கன்தான். ஆஸ்டகார் போரில் அவரையும் அரசனையும் சாகவிட்டுப் படையோடு திரும்பியவன் லோகெய்ன். அவனுக்கே வார்டன் பட்டம் கொடுத்தால்? நம் பக்கம் முன்பணம் தந்த ஏஜெண்டுக்கே வருஷக்கணக்கில் இலை போடுகிறவர்கூட, எடையில் கை வைத்தால் மறுநாளே வேறு வண்டியை நிறுத்துவார். உங்களுக்குத் தெரியாததா!

2010-இல் இந்தக் கேமைச் செய்த அதே பயோவேர் நிறுவனம் ‘மாஸ் எஃபெக்ட் 2’ செய்தது. ஒவ்வொரு தோழனுக்கும் ஒரு சொந்த வேலை; முடித்துக் கொடுத்தால் விசுவாசம் உறுதி. கேரஸ் பழிவாங்கத் துடிக்கும்போது, சுட விட்டாலும் தடுத்தாலும் அவன் உங்கள் ஆள்தான். ஆடும்போது சுகம், ஆனால் மனிதன் அப்படியா இருப்பான்? டாலியின் விசாரணை பரவாயில்லை: அவள் அப்பாவின் குற்றத்தைச் சபையில் உடைத்தால் அவள் விசுவாசம் போய்விடும்.

என்னைக் கேட்டால், போகத் தெரிந்தவன் தங்குவதற்குத்தான் மதிப்பு.

கூடலூர் மழை:
2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆடிப் பாருங்கள் அக்கா. ஷார் என்ற தெய்வத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தவள் ஷேடோஹார்ட். அந்தத் தெய்வத்துக்காக நைட்சாங் என்ற கைதியைக் கொல்ல ஈட்டியோடு நிற்கிறாள். அதற்குள் உங்கள்மேல் போதிய நம்பிக்கை வந்திருந்தால், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் அவளே ஈட்டியை எறிந்துவிடுவாள். எனக்கு அந்தக் காதலைவிட அந்தக் காட்சிதான் பிடித்தது. அலிஸ்டர் அழகன், சரி, ஆனால் கொஞ்சம் அழுமூஞ்சி.

கோத்தகிரிக்காரி:
அழுமூஞ்சி என்று நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது.

தொட்டபெட்டா அண்ணா, எடை உதாரணம் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் அவன் போனதற்குக் காரணம் புரிகிறது என்றுதான் சொல்வேன்; சரி என்று சொல்ல மாட்டேன்.

குன்னூர்ப் பையன்:
லோகெய்னின் மகள் அரசி அனோரா அலிஸ்டரைக் கொல்லச் சொன்னபோது நீங்கள் தடுத்தீர்களா அக்கா? தடுத்திருந்தால் இந்தச் சேமிப்பை ‘டிராகன் ஏஜ் 2’-இல் ஏற்றிப் பாருங்கள். கர்க்வால் நகர மதுக்கடையில் குடித்துப் புலம்பிக்கொண்டிருப்பான்.

கோத்தகிரிக்காரி:
தடுத்தேன். நேற்று கேமை முடித்துவிட்டேன். ஆர்ச்டீமனுக்குக் கடைசி வெட்டு வெட்டுகிற வார்டன் சாக வேண்டுமாம். அந்தச் சாவைத் தவிர்க்கச் சூனியக்காரி மோரிகன் சொன்ன சடங்குக்கு நான் ஒப்பவில்லை. லோகெய்ன் முன்வந்து வெட்டிச் செத்தான். அலிஸ்டர் கூட இருந்திருந்தால் அவனோ நானோ போயிருப்போம். அந்த மதுக்கடைக்கு யாராவது போனால் இதை அவனிடம் சொல்லுங்கள்.