ரவை திடமா, திரவமா?

கேள்வி:
மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். நேற்று, "திரவம் ஓடும், பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்" என்றேன். உடனே ஒரு சிறுமி, "அப்போ ரவையும் திரவம்தானே டீச்சர்? டப்பாவுல கொட்டுனா ஓடுதே!" என்றாள். என் விளக்கத்தில்தான் குறை. எப்படித் திருத்திச் சொல்லலாம்?

பதில்:
அருமையாகக் கேட்டிருக்கிறாள். ரவையைத் தட்டில் கொட்டச் சொல்லுங்கள், குவிந்து நிற்கும். தண்ணீர் மட்டமாகப் பரவிவிடும். அப்புறம் பூதக்கண்ணாடியில் ஒரே ஒரு மணியைக் காட்டுங்கள். எந்த டப்பாவில் போட்டாலும் அந்த மணியின் வடிவம் மாறாது. ஓடுவது மணிகளின் கூட்டம், ஒவ்வொரு மணியும் திடம்.

இன்னொரு பதில்:
தேங்காய் எண்ணெயும் கொண்டுபோங்கள். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். சின்ன பாட்டிலில் உறையவைத்துக் கையில் கொடுத்தால், உள்ளங்கைச் சூட்டிலேயே மெல்ல உருகும். அடுப்போ மெழுகுவத்தியோ இந்த வயதுக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இன்று செய்தோம். ரவை, உப்பு, மணல் மூன்றும் குவிந்தன. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்த அதே சிறுமி, "குட்டிக் குட்டிக் கல்லு டீச்சர்!" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எண்ணெய் பாட்டிலை யாரும் கீழே வைக்கவே இல்லை. சரி, இப்போது பற்பசை எந்த வகை என்று கேட்கிறார்கள். அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.