ஜாவா 21-க்கு மாறியதும் ஸ்டாப்() வேலை செய்யவில்லை

கேள்வி:
லாரி எடைமேடையிலிருந்து எடையை வாங்கும் பழைய ஜாவா புரோகிராம் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) சாக்கெட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பைத் திறந்து லூப்பில் ரீட்() செய்துகொண்டே இருக்கும். விண்டோவை மூடினால் அந்த த்ரெட்டுக்கு ஸ்டாப்(). ஜாவா 8-இல் ஓடியது. 21-இல் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸப்ஷன் என்ற பிழை வருகிறது. மாற்று என்ன?

பதில் 1:
இன்டரப்ட்() போடுங்க ப்ரோ, முடிஞ்சது.

கேட்டவர்:
போட்டேன். அடுத்த லாரி ஏறி எடை வரும்வரை த்ரெட் அசையவில்லை.

பதில் 2:
அசையாதுங்க. இன்டரப்ட்() ‘நிறுத்தச் சொன்னார்கள்’ என்று ஒரு ஃப்ளாகை (குறியை) மட்டும்தான் வைக்கும். ஸ்லீப்(), வெயிட்(), ஜாயின்() எல்லாம் அதற்கு எழுந்து இன்டரப்டட்எக்ஸப்ஷன் எறியும். சாதாரண த்ரெட்டில் சாக்கெட் ரீட்() கண்டுகொள்ளாது. வேறொரு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை க்ளோஸ்() செய்யுங்கள். ரீட்() உடனே சாக்கெட்எக்ஸப்ஷனோடு வெளியே வரும்.

வரிசை முக்கியம். முதலில் ‘நிறுத்து’ என்று காட்டும் ஒரு வாலடைல் பூலியனை (ஒரு த்ரெட் மாற்றினால் மற்ற த்ரெட்டுகளுக்கும் தெரியும் ட்ரூ/ஃபால்ஸ் மாறி) ட்ரூ ஆக்கிவிட்டு, பிறகு க்ளோஸ்(). மாற்றிச் செய்தால், லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து த்ரெட் மறுபடி கனெக்ட் செய்யப் போய்விடும். இந்த மாதிரிக் கருவி புரோகிராம்களில் ரீகனெக்ட் லூப் இல்லாமல் இருக்காது.

செட்எஸ்ஓடைம்அவுட்() வைத்து (ரீட்() காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு) அரை நொடிக்கு ஒருமுறை அந்தப் பூலியனைப் பார்ப்பவர்களும் உண்டு. ஓடும், எனக்குப் பிடிக்காது.

ஸ்டாப்() போனதற்கு வருத்தப்படாதீர்கள். 1998-இல் ஜாவா 1.2 வந்தபோதே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜாவா 20-இல்தான் ஒரேயடியாக முடக்கினார்கள். அது த்ரெட்டெத் என்ற பிழையை எறிந்து, பிடித்திருந்த சிங்க்ரனைஸ்டு லாக்குகளை (ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் டேட்டாவைத் தொட வைக்கும் பூட்டுகள்) எல்லாம் நடுவழியில் விட்டுவிடும். எடை புதிதாகவும் வண்டி எண் பழையதாகவும் இருக்கும் ஆப்ஜெக்ட்டை அடுத்த த்ரெட் எடுத்துச் சீட்டு அடித்தால் யார் பதில் சொல்வது?

பதில் 3:
ரீகனெக்டுக்கு முன்னால் ஸ்லீப்() இருந்தால் க்ளோஸ்() மட்டும் போதாது, இன்டரப்ட்()டும் வேண்டும். இன்டரப்டட்எக்ஸப்ஷனைப் பிடிக்கும் கேட்ச்சைக் காலியாக விடாதீங்க. எக்ஸப்ஷன் வந்ததுமே இன்டரப்ட் ஃப்ளாக் அழிந்துவிடும். ரிட்டர்ன் பண்ணுங்க, இல்லையென்றால் த்ரெட்.கரண்ட்த்ரெட்().இன்டரப்ட்() போட்டுத் திரும்ப வையுங்க.

கேட்டவர்:
பூலியன், க்ளோஸ்(), இன்டரப்ட்() மூன்றும் போட்டதும் விண்டோ உடனே மூடுகிறது. காலி கேட்ச் இரண்டு இருந்தன, எடுத்துவிட்டேன். 21-இல் வர்ச்சுவல் த்ரெட்டுக்கு (ஜாவாவே நிர்வகிக்கும் எடை குறைந்த த்ரெட்) மாற்றினாலும் இதே கதைதானா?

பதில் 2:
இல்லை. அங்கே இன்டரப்ட்() செய்தாலே ரீட்() எழுந்து சாக்கெட்டும் மூடிவிடும். ஆனால் ஒரு எடைமேடைக்கு ஒரு த்ரெட்தானே, இதற்காக மாற்ற வேண்டாம்.