ஏரி நிரம்பியதும் பறவை குறைந்துவிட்டது. என் கணக்கில் தவறா?

கரைநடை:
வணக்கம். மதுராந்தகத்துக்குத் தெற்கே சுமார் 50 ஏக்கர் மழையேரி ஒன்றை ஆகஸ்ட் முதல் ஞாயிறுதோறும் பார்த்துக் குறித்து வருகிறேன். ஒரு வருஷம் முழுக்கப் பார்ப்பதாகத் திட்டம். செப்டம்பர் கடைசியில் ஏரியில் கால்வாசிதான் தண்ணீர், ஆனால் 26 இனம், 400 பறவைக்கு மேல். ஐப்பசி மழையில் நிரம்பிக் கலங்கல் வழியாக உபரி நீர் வழிந்தது. அதற்குப் பின் 11 இனம், 60 பறவை! தண்ணீர் வந்தால் பறவை வரும் என்றுதானே சொல்கிறார்கள்? எண்ணுவதில் தவறா, ஏரிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பறவை தவிர வேறு எதைக் குறிக்க வேண்டும்? கையில் 8x42 பைனாகுலர் மட்டும் இருக்கிறது.

மதகடி:
ஏரி நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் குறிப்பில் இல்லாதது நீர்மட்டம். அது இல்லாமல் பறவை எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

பொறி உள்ளானுக்குச் சில விரற்கடை ஆழம்தான் தோது. நெடுங்கால் உள்ளானுக்கு அதன் கால் நீளம் வரை, பெரிய கொக்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஏரி நிரம்பினால் இவை நிற்க இடமே இல்லை. அதே வாரத்தில் சுற்றியுள்ள குட்டை, தாங்கல், சம்பா வயல் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், உண்ணிக்கொக்கு எல்லாம் உழுத வயலுக்குப் போய்விடும். நிறைந்த ஏரியில் மிஞ்சுவது முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி, மேலே சுற்றும் மீசை ஆலா. உங்கள் 11 இனத்தில் இவை இருக்குமே?

மார்கழி, தையில் மட்டம் ஓர் அடி, இரண்டடி இறங்கும். அதற்குள் வேலம்பாசி என்ற நீர்ச்செடி வளர்ந்து மேலே வந்திருக்கும், தலையை மட்டும் நீருக்குள் விட்டு மேயும் வாத்துகளுக்கு அப்போதுதான் எட்டும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாவற்றையும் அந்த வாரங்களில் தேடுங்கள். மாசி, பங்குனியில் சேறு வெளியே வரும்போது உள்ளான்கள் மறுபடி கூடும், வலசை வந்தவை சித்திரையோடு வடக்கே கிளம்பிவிடும்.

மட்டம் குறிக்க அளவுகோல் நட வேண்டாம். மதகில் படிக்கட்டு இருந்தால் ஒரு படியின் உயரத்தை டேப்பால் ஒருமுறை அளந்துகொண்டு, வாராவாரம் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எழுதினால் போதும். அதோடு உள்வாயின் (கரைக்கு உள்ளே உள்ள ஏரிப்படுகை) மேற்கு ஓரத்தில் சேற்று விளிம்பு எத்தனை மீட்டர் அகலம் என்று கண்ணளவாகக் குறியுங்கள். இது முக்கியம். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் ஓரத்தில் மட்டம் 10 செ.மீ. இறங்கினால் 20 மீட்டர் சேறு வெளியே வரும். மதகில் அரைப் படிதான் இறங்கியிருக்கும், மறுகரையில் முந்நூறு பறவை இறங்கியிருக்கும்.

வெயில்முதுகு:
எண்ணும் முறை பற்றி. நம் வடமாவட்டங்களில் நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கில், தண்ணீர் மேற்கில். காலை 6.30 முதல் 8.30 வரை கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் கருநிழல்தான். ஆகவே காலை நடையை மாலை நடையோடு ஒப்பிடாதீர்கள்.

கரையில் நாலு நிலையான இடம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நில்லுங்கள். நடந்துகொண்டே எண்ணினால் முன்னால் எழுந்து பறந்த கூட்டத்தையே அடுத்த வளைவில் மறுபடி எண்ணிவிடுவோம். பெருங்கூட்டத்தில் முதலில் 10 பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுதும் தாண்டிப் போங்கள். போன வாரம் இருந்து இந்த வாரம் இல்லாத இனத்துக்கு எதிரே 0 போடுங்கள். வெற்றிடமாக விட்டால், இல்லையா, பார்க்க விட்டுப்போனதா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

நீலச்சிறகியில் ஒரு சிக்கல்: வலசை வந்த புதிதில் ஆணும் பெட்டை போலவே மங்கிய பழுப்பு. வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியப் பெரும்பாலும் தைக்கு மேல் ஆகும். அதுவரை ஆண், பெண் பிரிக்காதீர்கள். தெரியாததை 'வாத்து, இனம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

கோரைத்தும்பி:
நீரின் தெளிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவே இல்லை. 20 செ.மீ. அகலத் தட்டை நாலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டு, அடியில் கனமான போல்ட், மேலே 10 செ.மீ.க்கு ஒரு குறியிட்ட நைலான் கயிறு. மதகு மேடையில் நின்று நிழல் விழும் பக்கம் இறக்கி, மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். நிறத்தையும் எழுதுங்கள்: பழுப்பு என்றால் வண்டல், பச்சை என்றால் பாசி. இதற்காக ஏரிக்குள் இறங்கவே கூடாது. மண் எடுத்த குழி இருந்தால் தண்ணீருக்கு மேலே தெரியாது, முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் ஆழம் இருக்கும்.

வெயில் ஏறிய பின் 10 மணிக்குக் கோரை ஓரமாக 100 மீட்டர் நடந்து தும்பிகளை எண்ணலாம். பறப்பதைவிட, நீருக்குள் வளர்ந்த தும்பிப்புழு தண்டில் ஏறி உரித்துவிட்டுப் போன தோலுக்கு மதிப்பு அதிகம். முதுகில் நெடுகப் பிளந்து, உள்ளே வெள்ளை நூல் தொங்க, நகம் மட்டும் கோரையை இறுகப் பிடித்திருக்கும். பறக்கும் தும்பி எங்கிருந்தும் வந்திருக்கலாம், தோல் இருந்தால் அது இந்த ஏரியிலேயே வளர்ந்தது.

கரைநடை:
மிக்க நன்றி. பழைய போட்டோக்களில் படி தெரிகிறது, ஆகஸ்டிலிருந்தே மட்டத்தைக் குறித்துவிடலாம். இன்னொரு கேள்வி. கோடையில் இங்கே மீன் செத்து மிதப்பது வழக்கமாம். அது வெப்பத்தாலா, கழிவாலா என்று எப்படிப் பிரிப்பது?

மதகடி:
எந்த மீன் என்று முதலில் பாருங்கள். வேலம்பாசி மண்டிய ஏரியில் செடிகள் இரவெல்லாம் ஆக்சிஜனை இழுக்கும், விடியும்போது அதுதான் மிகக் குறைவு. மேகமூட்டம் இரண்டு மூன்று நாள் நீடித்தால் இன்னும் மோசம். கெண்டையும் ஜிலேபியும் மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு சாகும். விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசிக்கும், பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் மூச்சுமுட்டல் என்று எடுத்துக்கொள்ளலாம். விரால், தவளை, நத்தை எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் நஞ்சு கலந்ததாகச் சந்தேகித்து, சுத்தமான பாட்டிலில் விளிம்புவரை நீர் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி, அன்றைக்கே மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் கிட் வாங்கினால் சூரியன் உதிக்கும் முன் அளக்க வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் காரணம் மூச்சுமுட்டலாக இருக்கலாம். பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் அதே ஏரி ஆரோக்கியமாகத் தெரியும். பலர் ஏமாறுவது அங்கேதான்.

கோரைத்தும்பி:
கோடையில் உள்வாய் காய்ந்ததும் குறுக்கே நடக்காதீர்கள். ஆட்காட்டி அந்த வெறுந்தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் நாலு, கூழாங்கல் நிறத்தில். தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்தால் நின்று, வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.