வஞ்சிரம் கணக்கும் 20 நிமிடமும்

கொருக்குப்பேட்டை டீச்சர்: "வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கஷ்டமான கணக்குக் கொடுத்தால் பள்ளிக்கே வரமாட்டார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற கணக்கு) தொடங்கும் முன் நான் போர்டில் எழுதியது இது: காசிமேட்டில் இரண்டு கடை. மூன்று நாள் வஞ்சிரம் விலை ஒன்றில் 690, 700, 710. மற்றதில் 500, 700, 900. சராசரி இரண்டிலும் 700. எந்தக் கடை விலை நிலையானது? ஒரே எண்ணால் காட்ட வேண்டும். 20 நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. சராசரியிலிருந்து விலகலைக் கூட்டினார்கள், இரண்டுக்கும் பூஜ்யம். ஒரே சத்தம். மைனஸைத் தூக்கிவிடலாம் என்று சொன்னது கடைசி பெஞ்சுப் பையன். அப்புறம் ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று நான் சொன்னபோது ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

தண்டையார்பேட்டை டியூஷன் சார்: எழுதியது நான்தான். 20 நிமிடமா? பீரியடே 40 நிமிடம். போர்ஷனை யார் முடிப்பது?

கொருக்குப்பேட்டை டீச்சர்: கல்வி ஆய்வாளர் மனு கபூர் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள் சார். நம் நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. முதலில் திணறிய குழுக்கள்தான் பிறகு வைத்த தேர்வில் முந்தின.

தண்டையார்பேட்டை டியூஷன் சார்: அது பதினொன்று, இது பத்து. 20 நிமிடத்துக்குப் பதில் எங்கே?

காசிமேடு அப்பா: எட்டாவதில் என்னை ஒரு கணக்குக்காக பீரியடு முழுக்க நிற்க வைத்தார்கள். அதோடு பள்ளிக்கூடம் போச்சு. 20 நிமிடம் தெரியாமல் உட்கார்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?

கொருக்குப்பேட்டை டீச்சர்: அண்ணா, உங்களுக்கு நடந்தது கொடுமை. நான் யாரையும் நிற்க வைக்கவில்லை. மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பேசினார்கள். தப்புக்குத் திட்டு கிடையாது.

வியாசர்பாடி பந்து: எங்கள் ஃபுட்பால் கோச் சின்னப் பசங்களைப் பெரியவர்களோடுதான் ஆடவிடுவார். கால் அப்படித்தான் பழகும்.

புது வண்ணாரப்பேட்டை: பந்து மட்டும்தானா? எங்கள் ஏரியா காசிமா 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார்.

வியாசர்பாடி பந்து: கேரமும் பந்தும் ஒன்றா?

தண்டையார்பேட்டை டியூஷன் சார்: கேரமில் போர்ஷன் இல்லை. என்னிடம் வருகிற பிள்ளைகள் பாஸாகிறார்கள், அது போதும்.

கொருக்குப்பேட்டை டீச்சர்: சூத்திரம் ஒப்பிக்கிறார்கள். எண்ணை மாற்றினால் உங்களிடம்தான் ஓடி வருகிறார்கள். நாளை முக்கோணவியல். அதற்கும் 20 நிமிடம்தான்.

தண்டையார்பேட்டை டியூஷன் சார்: 40இல் 20 போனால் மீதி எவ்வளவு டீச்சர்?