மறு: ‘ஷரேட்’ (charade) – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

> சைகை விளையாட்டு என்று வைத்துவிடலாமே?

கல்யாண வீட்டில் சினிமாப் பெயரை நடித்துக் காட்டுகிறோமே, அதற்கு அது சரி. ஆனால் ஷரேட் பிறந்தபோது சைகையே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கிளம்பி இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்கு வந்த எழுத்துப் புதிர் அது. ஒரு சொல்லை உடைத்து, ‘என் முதல் பகுதி இது, அடுத்தது இது, முழுதும் இது’ என்று பூடகமாகச் சொல்ல வேண்டும். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ (1815) நாவலில் பாதிரியார் எல்டன் கொண்டுவந்து கொடுப்பது இந்த வகைதான். மன்னர்களின் செல்வமும் பகட்டும் தெரிவது முதல் பகுதி: கோர்ட் (அரசவை). கடல்களின் அரசன் இரண்டாவது: ஷிப் (கப்பல்). சேர்த்தால் கோர்ட்ஷிப், அதாவது காதலித்துக் கைப்பிடிக்க முயல்வது. கப்பலை அரசனாக்கியது உருவகம், மொத்தமும் சிலேடை. (எம்மா விடையைக் கண்டுபிடித்துவிடுகிறாள், அது யாருக்கு என்பதில்தான் கோட்டைவிடுகிறாள்!)

நடிப்பு பிறகு ஒட்டிக்கொண்டது. ‘ஜேன் அயர்’ (1847) நாவலில் விருந்தினர்கள் முதலில் ஒரு திருமணத்தை ஊமையாக நடிக்கிறார்கள், அப்புறம் கிணற்றடி, கடைசியில் விலங்கு பூட்டிய கைதி. மணமகள் பிரைட், கிணறு வெல், சேர்த்தால் பிரைட்வெல் என்ற சிறை.

> தண்டியலங்காரத்தில் வினாவுத்தரம் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அந்த அணியிலக்கண நூலில் வினாவுத்தரம் என்பது, பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் கடைசி வினாவின் விடை கிடைப்பது. அங்கே வரும் உதாரணத்தைப் பாருங்கள். பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுபவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்கு? அம். பிறைசூடி உவந்து உறையும் இடம்? திருவேகம்பம். நடுவே வகரம் நுழைவதும் உகரம் கெடுவதும்கூட ஆட்டத்தில் சேர்த்தி. எல்டன் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் வினாவுத்தரத்தில் வினா வேண்டும். ஷரேட்டில் வருணனை போதும். தவிர, இன்றைய வாசகர் அதைக் கேள்வி-பதில் பகுதி என்றே எடுத்துக்கொள்வார்.

சிலேடையில், சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழி என்றும், பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழி என்றும் வகுத்தார்கள் அல்லவா? அந்தப் பிரிமொழியை எடுத்துக்கொண்டு ‘பிரிமொழிப் புதிர்’ எனலாம் என்பது என் கருத்து. நடித்தால் ‘பிரிமொழி நடிப்பு’. குறுக்கெழுத்து அமைப்பவர்களுக்கும் இந்தச் சொல் உதவும். வெள்ளோட்டமாக ஒன்று:

முன்பாதி எண்ணற்றது, பின்பாதி உங்களிடம் இரண்டே. சேர்ந்தால் தச்சர் இழைப்பார்.

—

> நடித்தால் ‘பிரிமொழி நடிப்பு’

உங்கள் புதிருக்கு விடை: பல + கை, பலகை. பிரிமொழிப் புதிருக்கு என் ஓட்டு. ஆனால் பிரிமொழி நடிப்பு வேண்டாம் ஐயா, ரயிலடியில் கையசைத்து அழுகிற காட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். இன்று சினிமாப் பெயரை நடிக்கும்போது யாரும் அசை பிரிப்பதும் இல்லை. இத்தனை சொல் என்று விரலைக் காட்டிவிட்டு நேரே கதாநாயகன் போல் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு ‘ஊமைப் புதிர்’ போதும். இரண்டையும் சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவாக ஏற்றிவிடுங்கள். வினாவுத்தரத்தை முதலாவதன் கீழ் ‘ஒப்பிடுக’ என்று போட்டால் முறையாக இருக்கும்.