ஓடும் கர்னலில் கை வைத்த அனுபவங்கள்

லாஸ்பேட்டையிலிருந்து:

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் பாதுகாப்பு ஓட்டை என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் இடத்தில் முதலில் எழும் கேள்வி, "ரீபூட் பண்ணணுமா?" என்பதுதான். நான் பார்த்துக்கொள்வது ஒரு மருத்துவமனையின் லேப் சர்வர். நடுராத்திரியிலும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் எங்களுக்கு லைவ் பேட்ச்தான், அதாவது ரீபூட் இல்லாமல் ஓடும் கர்னலிலேயே திருத்தம் போடுவதுதான் வழி.

ஒருமுறை வந்தது, என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வேறு மெஷினின் கோப்புகளைப் பயன்படுத்தும் முறை) பக்கம் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் கோடு துண்டைத் திருத்தும் பேட்ச். ஏற்றியாயிற்று, பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஆனால் லைவ்பேட்ச் கோப்பகத்தில் இருக்கும் 'டிரான்சிஷன்' 1 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது 0 ஆனால்தான் மாற்றம் முழுதாக முடிந்ததாக அர்த்தம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) 'பேட்ச் ஸ்டேட்' என்று ஓர் எண் உண்டு; 0 என்றால் பழையது, 1 என்றால் புதியது. சலித்துப் பார்த்ததில் எல்லாம் 1-க்கு வந்துவிட்டன, பேக்கப் ப்ராசஸ் மட்டும் 0-விலேயே நின்றது. கீழ்த்தள ஸ்டோரேஜுக்குப் போகும் சுவிட்ச் அணைந்துபோய், பதில் வராமல் அது 'டி' நிலையில், எழுப்ப முடியாத தூக்கத்தில் இருந்தது. அதன் ஸ்டாக்கை (எந்தெந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்ற பட்டியலை) பார்த்தால், நாங்கள் மாற்ற வேண்டிய அதே ஃபங்ஷனுக்குள் இருக்கிறது.

கர்னல் செய்தது ரொம்பச் சரி. ஆள் ஏறி நிற்கும் ஏணியை யாராவது உருவுவார்களா? பழைய ஃபங்ஷன் பாதியில் இருக்கும் ஒருவனைப் புதியதற்கு மாற்றினால், பூட்டாத லாக்கைத் திறக்கப் போவான், இல்லாவிட்டால் பூட்டியதைத் திறக்காமல் விடுவான். அதனால்தான் ஒவ்வொரு ப்ராசஸின் ஸ்டாக்கையும் பார்த்து, மாறப்போகும் ஃபங்ஷன் அதில் இல்லை என்றால் மட்டும் புதிய பக்கத்துக்கு நகர்த்துகிறது. நகராதவற்றைப் போலி சிக்னல் அனுப்பி உசுப்பிப் பார்க்கும். 'டி' நிலையில் இருப்பது அதற்கெல்லாம் அசையாது.

கட்டாயப்படுத்த 'ஃபோர்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை நாங்கள் தொடவில்லை. கீழே போய் சுவிட்சுக்கு மின்சாரம் கொடுத்தோம். ஸ்டோரேஜ் பதில் சொன்னது, ப்ராசஸ் வெளியே வந்தது, கொஞ்ச நேரத்தில் டிரான்சிஷன் 0. உங்களில் யாருக்காவது இப்படி மாட்டியிருக்கிறதா?

மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து:

அண்ணா, எனக்கு நேர்ந்தது இதற்கும் கீழ்மட்டத்தில். சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் லைவ்பேட்ச் எதற்கு, நாமே ஒரு மாட்யூல் (கர்னலோடு சேர்க்கும் துண்டு) எழுதி ஃபங்ஷனின் தலையில் வேறிடத்துக்குத் தாவும் ஜம்ப் கட்டளையைப் போட்டுவிடலாம் என்று கிளம்பினார். கர்னலின் கோடு இருக்கும் பக்கங்களில் எழுத அனுமதி கிடையாது. ப்ராசசரின் சிஆர்0 ரெஜிஸ்டரில் எழுத்துக் காப்பு பிட்டை அணைத்து, 5 பைட்டைக் காப்பி பண்ணிவிட்டார். ஒரே கோர் (ப்ராசசரின் தனித்து இயங்கும் பகுதி) கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் அருமையாக ஓடியது. எட்டு கோர் இருந்த சோதனை மெஷினில் போட்டதும், சுமை ஏறிய நேரத்தில் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

அந்த 5 பைட்டைப் பாதி எழுதியிருக்கும் கணத்தில் வேறொரு கோர் அதே இடத்தை வாசித்தால், முன்பாதி புதியது, பின்பாதி பழையது. அப்படி ஒரு கட்டளையை யாரும் எழுதியதே இல்லை. கர்னல் இதை எப்படிச் செய்கிறது என்று அவரோடு உட்கார்ந்து படித்தேன், அசந்துபோனேன். ஃபங்ஷனின் தொடக்கத்தில், ஃபங்ஷன் அழைப்புகளைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸுக்காக 5 பைட் வெற்றுக் கட்டளை ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும். அதன் முதல் பைட்டில் மட்டும் பிரேக்பாயின்ட்டை வைக்கிறது, அதாவது 0எக்ஸ்சிசி என்ற நிறுத்தக் கட்டளையை. எல்லா கோர்களையும் ஒத்திசைக்கிறது. அப்புறம் மீதி 4 பைட்டை எழுதுகிறது, மறுபடி ஒத்திசைவு. கடைசியில்தான் முதல் பைட்டைச் சரியானதாக மாற்றுகிறது, திரும்பவும் ஒத்திசைவு. நடுவில் எந்த கோர் வந்தாலும் பிரேக்பாயின்ட்டில் முட்டி, கர்னலின் கைக்கு வந்துவிடும். அரைகுறைக் கட்டளை யார் கண்ணிலும் படாது.

அந்தத் தம்பி இப்போது எஃப்டிரேஸ் பக்கமே பழியாய்க் கிடக்கிறார். நல்ல பிள்ளை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

கடலூர்த் தம்பி சொன்னதைப் படிக்கவே நிறைவாக இருந்தது. இந்தப் பொறுமை எளிதில் வந்ததல்ல. 2014-ல் ரெட் ஹேட் நிறுவனம் கேபேட்ச் என்ற லைவ் பேட்ச் முறையையும், சூசே நிறுவனம் கேகிராஃப்ட் என்ற முறையையும் வெளியிட்டார்கள். முன்னது எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தி எல்லா ஸ்டாக்கையும் பார்க்கும், பின்னது ப்ராசஸ்களை ஒவ்வொன்றாக நகர்த்தும். பொதுவான அடித்தளம் 2015-ல் லினக்ஸ் 4.0-ல் வந்தது. ஸ்டாக்கையும் பார்த்து, ஒவ்வொன்றாகவும் நகர்த்தும் முறை 2017-ல் 4.12-ல்தான் சேர்ந்தது. லாஸ்பேட்டை அண்ணனின் சர்வரைக் காப்பாற்றியது அதுதான்.

நான் பார்த்தது வேறு மாதிரி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்கே புதுச்சேரி அருகே கரை கடந்ததே, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஊர் முழுக்கத் தண்ணீர், மின்சாரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் யூபிஎஸ் தீர்ந்து சர்வர்கள் அணைந்தன. மின்சாரம் வந்ததும் தானாக எழுந்தன, எல்லாரும் நிம்மதியானார்கள். ஆனால் லைவ் பேட்ச் இருப்பது நினைவகத்தில்தானே? வட்டில் இருந்ததோ பழைய கர்னல். பூட் ஆகும்போது பேட்சை மறுபடி ஏற்றும் சர்வீஸை யாரும் இயக்கி வைக்கவில்லை. அடைத்த ஓட்டைகள் எல்லாம் திறந்துவிட்டன. கர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம்' கட்டளையில் எண் முன்பும் பின்பும் ஒன்றேதான், லைவ் பேட்ச் அதை மாற்றாது. அதனால் பல நாள் யாருக்கும் தெரியவில்லை. லைவ் பேட்ச் போடும் அன்றே திருத்திய கர்னலையும் வட்டில் நிறுவிவிடுங்கள்.

அண்ணா, ஃபோர்ஸைத் தொடவில்லை என்றீர்கள். தொட்டால் பிறகு அந்த மாட்யூலைக் கழற்ற முடியாதா?

லாஸ்பேட்டையிலிருந்து:

முடியாதும்மா. பேட்சை முடக்கினாலும் மாட்யூல் நினைவகத்திலேயே கிடக்கும். யார் இன்னும் உள்ளே நிற்கிறார்கள் என்பதற்கு கர்னலிடம் உத்தரவாதம் இல்லாமல் போய்விடுகிறது, அதனால் அடுத்த ரீபூட் வரை அதை விடுவிக்காது. பூட் சர்வீஸ் விஷயம் சொன்னதற்கு நன்றி. எங்கள் சர்வர்களில் இன்றைக்கே பார்க்கிறேன்.