அதிகாலைச் செபம் நான்காவது வாரத்தில் நின்றுவிடுகிறது

இத்தாலியின் மோந்தே கசீனோ மடத்தில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கின் 73 அதிகாரங்களையும் படித்த பிறகு, கிறிஸ்துவை அரைமனதோடு பின்பற்றுவது எனக்குக் கசந்துவிட்டது. நானோ வேலையும் இரண்டு குழந்தைகளும் உள்ளவன். அந்த ஒழுங்கின்படி செபிக்க எட்டு மாதமாக முயல்கிறேன். மூன்று வாரம் நன்றாகப் போகிறது, நான்காவதில் படுத்துவிடுகிறது.

முதலில் அவர் வகுத்தபடியே விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் சொல்லப் பார்த்தேன் (பேராசைதான்). நான்கு மணிக்கு எழுந்து, புத்தகத்தின் மேலேயே தூங்கி, கண்ணாடிச் சட்டம் மூக்கில் பதிந்ததுதான் மிச்சம். காலை, இரவு என இரண்டு வேளையாகக் குறைத்தேன்; அதுவும் நிலைக்கவில்லை. கைபேசியில் மணி வைத்தேன். கண் திறக்காமலே அணைக்கக் கை பழகிவிட்டது. ஆன்ம குருவிடம் கேட்டேன். "பொறுமை" என்றார், அத்தோடு சரி.

செபத்துக்கான அழைப்பு கேட்டதும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது அந்த ஒழுங்கு. என் கையிலிருப்பது பாதி குளிப்பாட்டிய குழந்தை! சோர்வைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நடுவில் கூப்பிட்டால் பிள்ளைகள்மேல் சீறுகிறேனே, அதுதான் உறுத்துகிறது.

குடும்பத்தோடு இருந்துகொண்டே ஓராண்டுக்கு மேல் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தவர்களே, எந்த ஒரு வேளைச் செபத்தை விடாமல் பிடித்துக்கொண்டீர்கள்?